எஞ்சின் வம்சங்கள் – 7: மூன்றரை அங்குலம்

இங்கிலாந்தில் 1921 முதல் காருக்கு வரி போட்ட முறை விசித்திரமானது. குதிரைத்திறனுக்கு ஒரு பவுன் என்று வரி. ஆனால் அந்தக் குதிரைகளை யாரும் சோதனைச் சாலையில் எண்ணவில்லை, காகிதத்தில் எண்ணினார்கள். சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுத்தால் வருவதுதான் குதிரைத்திறன். பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போய்வருகிறது என்பது, அதாவது ஸ்ட்ரோக், கணக்கிலேயே கிடையாது. வரி போடாத பக்கம் வளர்வதுதானே புத்தி? ஆங்கிலேய எஞ்சின்கள் ஒல்லியாகவும் நெட்டையாகவும் வளர்ந்தன.

1947ல் வந்த ஆஸ்டின் ஏ-40 அந்தப் பழக்கத்தின் பிள்ளை. சிலிண்டர் விட்டம் 65.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9. பழைய சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் பத்தரைக் குதிரைதான் தேறும். போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே அந்த வரியைத் தூக்கிவிட்டார்கள். ஸ்ட்ரோக் மட்டும் போகவில்லை. 1952ல் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்து பி.எம்.சி. உருவானபின், ஏ-40 எஞ்சினைத் திருத்தி எழுதியதுதான் 'பி' சீரிஸ். போன வாரம் மினிக்குள் குறுக்கே படுத்திருந்த 'ஏ' சீரிஸைப் பார்த்தோமே, அதற்கு இது வயதில் தம்பி, உருவத்தில் அண்ணன்.

இந்தக் குடும்பத்தின் அளவுகளை வரிசையாகச் சொல்கிறேன்: 1197 சி.சி., 1489, 1588, 1622, கடைசியாக 1798. ஐந்திலும் ஸ்ட்ரோக் ஒன்றே. 88.9 மில்லிமீட்டர், சரியாக மூன்றரை அங்குலம். மாறியதெல்லாம் விட்டம்தான்; 65.5ல் தொடங்கி 80.26 வரை. ஆஸ்திரேலியாவில் இதே எஞ்சினை நீட்டி ஆறு சிலிண்டராக்கி 2433 சி.சி.யில் விற்றார்கள். அதற்கும் மூன்றரை அங்குலம்தான்.

காரணம் பிடிவாதம் என்று சொல்லிவிடலாம். சிக்கனம் என்பதே சரி. விட்டத்தைக் கூட்டப் புதிய பிஸ்டனும், வார்ப்பில் சில மாற்றங்களும் போதும். ஸ்ட்ரோக்கைத் தொட்டால் கிராங்க் ஷாப்ட் மாற வேண்டும். கனெக்டிங் ராடோ பிளாக்கின் உயரமோ கூடவே மாற வேண்டும். அதற்கெல்லாம் போட்ட எந்திரங்கள் தொழிற்சாலையில் கடன் தீராமல் நின்றுகொண்டிருக்கும்.

எஞ்சினின் குணமே இந்த நீள ஸ்ட்ரோக்கில் இருக்கிறது. வேகம் கம்மி, அடி இழுவை அதிகம். மூன்றாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தாலும் முனகாமல் எடுக்கும். மேல் வேகத்தில் மூச்சு வாங்குவதற்கு ஹெட்டும் ஒரு காரணம். ஹாரி வெஸ்லேக் வடிவமைத்த இதய வடிவ எரியறை நல்ல வேலைதான். ஆனால் எட்டு வால்வுக்கு ஐந்தே வாசல்: காற்றும் பெட்ரோலும் உள்ளே வர இரண்டு, புகை வெளியேற மூன்று. எரியும் வரிசை 1-3-4-2. முதல் சிலிண்டரும் இரண்டாவதும் ஒரே வாசலில் அடுத்தடுத்து உறிஞ்சும். பிறகு அந்த வாசல் சும்மா இருக்கும். அந்தப் பக்கம் மூன்றும் நான்கும் அதையே செய்யும். ஒரே குழாயடியில் இரண்டு குடம் முட்டிக்கொள்கிற கதைதான், இரண்டுக்கும் சமமாக நிறையாது. இதைத் தெரிந்தேதான் வைத்திருந்தார்கள். குடும்பக் காருக்கு இது போதும் என்பது கணக்கு.

போதாது என்று நினைத்தவர்களும் உண்டு. 1958ல் எம்.ஜி.ஏ. ட்வின் கேம் வந்தது. பிளாக் 'பி' சீரிஸ், 1588 சி.சி.; அதன்மேல் இரண்டு கேம் ஷாப்ட் கொண்ட அலுமினிய ஹெட். 6700 சுற்றில் 108 குதிரைத்திறன். அந்தச் சுற்றில் மூன்றரை அங்குல ஸ்ட்ரோக்குக்கு பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர். அந்தக் காலத்துத் தெருக் காருக்கு அது பயமுறுத்தும் எண். ஆனால் எஞ்சினைக் கொன்றது அதுவல்ல. 9.9க்கு 1 என்ற கம்ப்ரஷனில் பிஸ்டன்கள் ஓட்டை விழுந்து எரிந்தன. பெட்ரோல் சரியில்லை, டைமிங் சரியில்லை என்று பழி பல பக்கம் போனது. குறிப்பிட்ட சுற்றில் கார்புரேட்டர் அதிர்ந்து, கலவையில் பெட்ரோல் குறைந்துபோவதுதான் மூலம் என்பது பிற்பாடுதான் பிடிபட்டது. அதற்குள் பேர் கெட்டுவிட்டது. 1960ல் கடையைக் கட்டியபோது செய்திருந்தவை இரண்டாயிரத்துச் சொச்சம் கார்கள்தான்.

பிழைத்தது சாதுவான பிள்ளை. 1962ல் எம்.ஜி.பி.க்காக விட்டத்தை 80.26க்குப் பெருக்கினார்கள். அவ்வளவு பெருக்க பிளாக்கில் இடமில்லை. சிலிண்டர்களுக்கு நடுவே தண்ணீர் ஓடிய இடைவெளியில் கைவைத்துத்தான் அது முடிந்தது. முதலில் மூன்று மெயின் பேரிங், 1964ல் ஐந்து. 95 குதிரைத்திறன், ஐந்து லட்சத்துக்கும் மேலான கார்கள், 1980 வரை உற்பத்தி. கடைசிக் காலத்தில் அமெரிக்கப் புகைச் சட்டங்களுக்காக இரட்டைக் கார்புரேட்டரைப் பிடுங்கி ஒற்றையாக்கியதில், அங்கே போன வண்டிகளின் சக்தி அறுபத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர்!

ஸ்ட்ரோக்கில் கைவைக்கத் துணிந்தது ஆங்கிலேயர் இல்லை. ஜப்பானில் நிசான், ஆஸ்டினின் உரிமத்தில் 1489 சி.சி. 'பி' சீரிஸைச் செய்துகொண்டிருந்தது. அவர்களுக்கு ஒரு லிட்டருக்குள் அடங்கும் எஞ்சின் வேண்டும். டொனால்ட் ஸ்டோன் என்ற அமெரிக்கப் பொறியாளர் சொன்ன யோசனை எளிமையானது: விட்டம் 73 அப்படியே இருக்கட்டும், ஸ்ட்ரோக்கை 59க்கு வெட்டுங்கள். 988 சி.சி. வந்தது. இருக்கிற எந்திரங்களிலேயே பெரும்பாலான வேலை முடிந்தது. 1957ல் டாட்சன் 210ல் ஏறிய இதை நிசான்காரர்கள் 'ஸ்டோன் எஞ்சின்' என்றே அழைத்தார்கள். அடுத்து ஸ்ட்ரோக்கை 71ஆக்கி 1189 சி.சி. பிரிட்டனில் எதைத் தொட்டால் செலவு என்று பயந்தார்களோ, அதைத் தொட்டே ஜப்பானில் சிக்கனம் பண்ணியிருக்கிறார்கள். இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

பிரிட்டனிலோ 1978ல் வாரிசாக வந்த 'ஓ' சீரிஸில் கேம் ஷாப்ட் மேலே ஏறியது, பெல்ட் வந்தது, ஹெட் அலுமினியமானது. அதன் இரண்டு லிட்டர் வடிவத்தில் ஸ்ட்ரோக் எவ்வளவு? 89 மில்லிமீட்டர். அதிலிருந்து பிறந்த பதினாறு வால்வு ரோவர் எஞ்சின்கள் 1990களிலும் அதே நீளத்தைச் சுமந்தன.

இந்தக் குடும்பத்தின் இந்தியக் கிளைக்கு வருவோம். உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரைத் தொடங்கியபோது இருந்தது பழைய சைடு வால்வ் எஞ்சின். 1959ல் 1489 சி.சி. 'பி' சீரிஸ் ஏறியது. பிரிட்டனில் 1588, 1622, 1798 என்று விட்டம் ஏறிக்கொண்டிருக்க, இங்கே 73 மில்லிமீட்டரில் காலம் நின்றது. அதே விட்டம், அதே ஸ்ட்ரோக்கில் டீசலும் வந்தது. பின்சீட்டில் நான்கு பேர், முன்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்று ஏற்றுகிற நாட்டுக்கு அடி இழுவை போதுமானதாகத்தான் இருந்தது. 1984ல் அதையே கான்டெஸாவில் வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் சாயம் வெளுத்தது. நீளமான, கனமான, பார்க்க ராஜா மாதிரி வண்டி. உள்ளே ஐம்பது குதிரைத்திறன் எஞ்சின். மேம்பாலம் ஏறினாலே குட்டு உடையும்.

மருந்தாக வந்தது ஜப்பானின் இசுசு எஞ்சின், 1817 சி.சி. முதலில் கான்டெஸாவுக்கு, 1992ல் அம்பாசடருக்கும், ஐந்து கியருடன். விட்டம் 84, ஸ்ட்ரோக் 82. உத்தரபாராவின் பெட்ரோல் கார் ஒன்றில் விட்டம் ஸ்ட்ரோக்கை முந்தியது அப்போதுதான்.

(தொடரும்)