பாத்ரூமை உடைக்கும் முன் இதைப் படியுங்கள்

"பத்தே நாள்ல முடிச்சிடலாம் சார்" என்பார் மேஸ்திரி. பழைய டைல்ஸை உடைத்த மூன்றாம் நாள் வேறு வேலைக்குப் போய்விடுவார். போன் போட்டால் எடுக்க மாட்டார். வீட்டில் இருப்பது ஒரே பாத்ரூம் என்றால் குடும்பத்தின் பாடு திண்டாட்டம்தான். தாம்பரம், பம்மல், செம்பாக்கம், பெருங்களத்தூர் பகுதிகளில் பழைய வீட்டைப் புதுப்பிக்க நினைக்கிறீர்களா? வேலை தொடங்கும் முன் அரை நாள் ஒதுக்குங்கள், போதும்.

அளவு உங்கள் கையில்

8-க்கு 5 அடி பாத்ரூம் என்று வைத்துக்கொள்வோம். தரை 40 சதுர அடி. நான்கு சுவர்களின் சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் 182 சதுர அடி. இரண்டரை அடி அகலக் கதவுக்கு 17.5 கழித்தால், மொத்தம் சுமார் 205. சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 225 சதுர அடி. "300 வேணும்" என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்க. தரைக்கு வழுக்காத டைல்ஸ்தான் வேண்டும், குறிப்பாகப் பெரியவர்கள் இருக்கும் வீட்டில்.

வாய்ப்பேச்சு வேண்டாம்

கூலி மட்டுமா, பொருளும் சேர்த்தா? பைப், டேப் எந்த பிராண்ட்? ரப்பிஷ் அள்ளுவது யார்? எந்தத் தேதிக்குள் முடியும்? எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். குறைந்தபட்சம் வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். பணத்தை வேலை நடக்க நடக்கப் பிரித்து, யு.பி.ஐ. மூலம் கொடுங்கள். கடைசி 10 சதவீதத்தை, தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகே தர வேண்டும்.

மூடும் முன் பாருங்கள்

டைல்ஸ் ஒட்டிவிட்டால் உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. அதனால் பைப் லைனைச் சுவரோடு போட்டோ எடுத்து வையுங்கள். நாளை ஆணி அடிக்கவும் அது உதவும். வாட்டர் ப்ரூஃபிங் முடிந்ததும் வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விடுங்கள். கீழ்த்தளத்துச் சீலிங்கிலோ பக்கத்துச் சுவரிலோ ஈரம் கசிந்தால் அப்போதே சரிசெய்யலாம். டைல்ஸ் ஒட்டிய பின் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கும் தேங்காமல் ஓடினால் வாட்டம் சரி. கீசர் லைனுக்கு எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்டது

வேலையோடு வேலையாக, "செப்டிக் டேங்க்ல ஆளை இறக்கிச் சுத்தம் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் விஷவாயு நொடியில் உயிரைப் பறிக்கும். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வேலைக்கு அமர்த்தியவரும் பொறுப்பாவார். 14420 என்ற எண்ணை அழைத்து லாரியை வரவழையுங்கள்.

உடைத்த கல், மண்ணை ஏரிக்கரையிலோ மழைநீர் வடிகாலிலோ கொட்ட விடாதீர்கள். மழை வந்தால் அந்தத் தண்ணீர் நம் தெருவுக்குத்தான் திரும்பி வரும். எங்கே கொட்டுவது என்று உங்கள் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேளுங்கள்.

பிரச்சினை வந்தால்

வேலையைப் பாதியில் விட்டாலோ, தரமில்லாமல் செய்தாலோ, அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். தாம்பரம் வாசிகளுக்கு அது செங்கல்பட்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அப்போது அந்தத் தாளும், போட்டோவும், யு.பி.ஐ. ரசீதும்தான் உங்களுக்காகப் பேசும். பத்திரமாக வைத்திருங்கள்.