டியூஷன் இல்லாமல் இணைந்த கணிதம்: உங்கள் மகளால் முடியும்

எமது நாட்டில் 1945ஆம் ஆண்டு முதல் கல்வி இலவசம். முதலாம் வகுப்புத் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. ஆனால், உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவில் பிள்ளை படிக்கும் ஒரு வீட்டுக்குப் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். அந்த வீட்டு உம்மா பெருமூச்சு விடுவார். இணைந்த கணிதத்திற்கு ஒரு வகுப்பு, பௌதிகவியலுக்கு ஒரு வகுப்பு, இரசாயனவியலுக்கு ஒரு வகுப்பு. போதாக்குறைக்கு மீட்டல் வகுப்பு, வினாத்தாள் வகுப்பு. குடும்ப வருமானத்தில் ஒரு பெரும் பங்கு டியூஷனுக்கே போய்விடுகிறது.

ஆண் பிள்ளை என்றால் கடன்பட்டாவது அனுப்பி வைக்கிறோம். பெண் பிள்ளை என்றால்? பெயர்பெற்ற ஆசிரியரின் வகுப்பு பட்டணத்தில் நடக்கிறது. அது முடியும்போது இருட்டிவிடுகிறது. பஸ் கிடைக்காது, கூட்டிவர ஆள் இல்லை. கடைசியில், சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ‘ஏ’ எடுத்த பிள்ளையைப் பார்த்து, “மெத்ஸ் வேணாம் மகள், ஆர்ட்ஸ் செய்ங்க” என்று சொல்லிவிடுகிறோம். கணிதம் அவளுக்கு வராது என்று யாரும் சொல்லவில்லை. டியூஷனுக்கு அனுப்ப வழியில்லை என்பது மட்டுமே காரணம்.

கலைப்பிரிவு குறைந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. விரும்பிப் படிப்பவருக்கு அதுவும் நல்ல வழியே. ஆனால் கணிதத்தில் விருப்பமும் திறமையும் உள்ள ஒரு பிள்ளையின் வழியை, டியூஷன் இல்லை என்ற ஒரே காரணத்திற்காக அடைப்பது சரிதானா? முடிவெடுக்கு முன் பெற்றோர் சில விடயங்களை அறிந்துகொள்வது நல்லது.

பயப்படு முன் பாடத்தை அறிவோம்

உயர்தரத்தில் நான்கு பாடங்கள் இருந்த காலத்தில் தூய கணிதம், பிரயோக கணிதம் என இரண்டு பாடங்கள் இருந்தன. அவை இரண்டும் சேர்ந்ததே இன்றைய இணைந்த கணிதம். பாடத்திட்டம் பெரிதாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

பரீட்சையில் இரண்டு வினாத்தாள்கள் உண்டு. முதலாம் தாளில் அட்சரகணிதம், திரிகோணகணிதம், வகையீடு, தொகையீடு, ஆள்கூற்றுக் கேத்திரகணிதம் ஆகியன வரும். இரண்டாம் தாளில் நிலையியல், இயக்கவியல், நிகழ்தகவு, புள்ளிவிபரவியல் ஆகியன வரும். ஒவ்வொரு தாளுக்கும் மூன்று மணித்தியாலம். ‘ஏ’ பகுதியில் 10 சிறு வினாக்கள், அனைத்துக்கும் விடை எழுத வேண்டும், ஒன்றுக்கு 25 புள்ளி. ‘பீ’ பகுதியில் 7 பெரிய வினாக்கள், ஐந்துக்கு எழுதினால் போதும், ஒன்றுக்கு 150 புள்ளி. மொத்தம் 1000 புள்ளி. கல்குலேட்டர் பாவிக்க அனுமதி இல்லை.

இதில் ஒரு சிறு கணக்கை உங்கள் மகளோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். 180 நிமிடத்தைப் புள்ளிகளுக்கு ஏற்பப் பிரித்தால், சிறு வினா ஒன்றுக்கு நாலரை நிமிடமும் பெரிய வினா ஒன்றுக்கு 27 நிமிடமும் கிடைக்கும். ‘ஏ’ பகுதியை முழுவதும் சரியாகச் செய்து, ‘பீ’ பகுதியில் மூன்று வினாக்களை முழுமையாகச் செய்தால் 700 புள்ளி, அதாவது நூற்றுக்கு 70. பாடம் கடினமானதுதான். ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்த பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

பெரிய வினாக்களும் கண்மூடித்தனமாக வருவதில்லை. அண்மைக்கால முதலாம் தாள்களில் பெரும்பாலும் 11ஆம் வினா இருபடிச் சமன்பாட்டிலும், 14ஆம் வினா வகையீட்டிலும், 15ஆம் வினா தொகையீட்டிலும், 17ஆம் வினா திரிகோணகணிதத்திலும் அமைந்திருக்கின்றன. ஐந்து வருட வினாத்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு இந்த ஒழுங்கு தானாகவே விளங்கும்.

டியூஷன் எதைத் தருகிறது?

நன்றாக யோசித்துப் பார்த்தால் டியூஷன் வகுப்பு மூன்று விடயங்களைத் தருகிறது. ஒன்று, ஒழுங்கு. இன்ன நாளில் இன்ன அலகு என்று படிக்க வைக்கிறது. இரண்டு, தெரிவு. எந்தக் கணக்குகளைச் செய்ய வேண்டும் என்று பொறுக்கித் தருகிறது. மூன்று, திருத்தம். பிள்ளை எங்கே பிழை விடுகிறாள் என்று காட்ட வேண்டும்.

இந்த மூன்றாவதுதான் கணிதத்தில் முக்கியமானது. ஆனால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் உங்கள் மகளின் கொப்பியை யார் பார்ப்பது? எனவே பெரிய வகுப்புக்குப் போகும் பிள்ளையும் திருத்தத்திற்கு வேறு வழி தேடத்தான் வேண்டும். ஒழுங்கும் தெரிவுமோ வீட்டில் இருந்தபடியே கிடைக்கக்கூடியவை.

பார்த்த கணக்கும் செய்த கணக்கும்

ஒரு சிறு உதாரணம். ஓர் எண்ணிலிருந்து 2ஐக் கழிக்கிறோம். வருகின்ற எண்ணால் 1ஐ வகுக்கிறோம். விடை 1ஐ விடப் பெரிதாக இருக்கிறது. அப்படியானால் அந்த எண் எதுவாக இருக்கலாம்? (இப்படிச் சொல்லால் கேட்பது ஒன்றும் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல் குவாரிஸ்மி அட்சரகணிதத்தை எழுதியபோது சமன்பாடுகளை எல்லாம் சொற்களாலேயே எழுதினார்.)

பல பிள்ளைகள் சமன்பாட்டுக்குச் செய்வதுபோல இரு பக்கமும் பெருக்கி, “3ஐ விடச் சிறிய எல்லா எண்களும்” என்று எழுதிவிடுவார்கள். சரியா என்று 0ஐப் போட்டுப் பாருங்கள். 0இலிருந்து 2 போனால் மறை 2. மறை 2ஆல் 1ஐ வகுத்தால் மறை அரை. அது 1ஐ விடப் பெரிதல்ல. ஆகவே விடை பிழை. இரண்டரையைப் போட்டால்? 2 போக அரை, அரையால் 1ஐ வகுத்தால் 2. அது சரி. உண்மையான விடை, 2க்கும் 3க்கும் இடைப்பட்ட எண்கள் மாத்திரமே. மறை எண்ணால் பெருக்கும்போது சமனிலியின் குறி திரும்பிவிடும் என்பதைப் பிள்ளை மறந்துவிட்டாள்.

இதே கணக்கை ஆசிரியர் கரும்பலகையில் ஒரு நிமிடத்தில் செய்து காட்டியிருப்பார். பிள்ளையும் அழகாக எழுதியிருப்பாள். ஆனால் தான் எந்த இடத்தில் விழுவாள் என்பது அவளுக்குத் தெரிந்திராது. தானே செய்து, தானே விழுந்து, தானே எழும்பிய கணக்குத்தான் பரீட்சை மண்டபத்தில் கைகொடுக்கும். அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

வீட்டில் படிக்கும் முறை

முதலாவது, அத்திவாரம். உயர்தரத்தில் தடுமாறும் பிள்ளைகளில் பலர் தடுமாறுவது சாதாரண தரக் கணிதத்தில்தான். காரணிப்படுத்தல், பின்னங்கள், சுட்டிகள், மடக்கை, கேத்திரகணிதத் தேற்றங்கள் ஆகியன கைப்பழக்கமாக வரவேண்டும். சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தர வகுப்புத் தொடங்கும் வரை கிடைக்கும் காலத்தை இதற்கே ஒதுக்குங்கள். 10ஆம், 11ஆம் தரப் பாடநூல்கள் வீட்டில் இருக்கும். புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

இரண்டாவது, நூல்கள். மஹரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் இணைந்த கணிதத்துக்கான பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் மேலதிக வாசிப்பு நூல்களையும் தமிழில் வெளியிட்டுள்ளது. அதன் இணையத்தளத்தில் அவற்றை இலவசமாகப் பெறலாம். கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்திலும் பாடங்கள் உண்டு. பாடத்திட்டத்தை அச்சிட்டு மேசைக்கு மேலே ஒட்டி, முடித்த அலகுக்கு எதிரே ஓர் அடையாளம் இடச் சொல்லுங்கள். டியூஷன் தரும் ஒழுங்கு இதுவேதான்.

மூன்றாவது, கடந்தகால வினாத்தாள்கள். முதலில் அலகு வாரியாகச் செய்ய வேண்டும். முழு வினாத்தாளைக் கடைசி ஆறு மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 2019ஆம் ஆண்டுப் பரீட்சையில் திருத்திய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்ததால், அதற்கு முந்திய தாள்களைப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டே எடுக்க வேண்டும். இவை முடிந்துவிட்டால், தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சைத் தாள்களும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சைத் தாள்களும் இருக்கின்றன.

நான்காவது, புள்ளியிடும் திட்டத்தைப் பாவிக்கும் முறை. இதில்தான் பலர் தவறுகிறார்கள். விடையை முதலில் பார்த்துவிட்டு, “விளங்குது” என்று பக்கத்தைப் புரட்டுவதால் ஒரு பயனும் இல்லை. மணிக்கூட்டை முன்னால் வைத்து 27 நிமிடம் முயல வேண்டும். தடைப்பட்டால் அடுத்த ஒரு வரியை மட்டும் பார்த்து, மூடிவைத்துவிட்டுத் தொடர வேண்டும். இரண்டு நாள் கழித்து அதே கணக்கை வெற்றுத் தாளில் மீண்டும் செய்ய வேண்டும். எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்று அத்திட்டத்தில் இருப்பதால், விடை கடைசிவரை வராவிட்டாலும் படிமுறைக்குப் புள்ளி உண்டு என்பதையும் பிள்ளை அறிந்துகொள்வாள்.

ஐந்தாவது, பிழைக் கொப்பி. விட்ட பிழையை ஒவ்வொரு நாளும் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். “மறை எண்ணால் பெருக்கியபோது குறியைத் திருப்பவில்லை” என்பது போல. ஒரு மாதம் சென்றதும் பாருங்கள், அதே நாலைந்து பிழைகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவற்றைத் திருத்தினால் புள்ளிகள் தாமாகவே ஏறும்.

கேட்பதில் வெட்கம் வேண்டாம்

டியூஷன் இல்லாமல் படிப்பது என்றால் எவரிடமும் கேட்காமல் படிப்பது என்று பொருளல்ல. பாடசாலை ஆசிரியரிடம் “சேர், இந்தப் பாடம் விளங்கவில்லை” என்றால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. “இந்த வரி வரை வந்தேன், இதற்கு மேல் போகவில்லை” என்று கொப்பியைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கணிதப் பிரிவில் படித்துப் பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைகள் ஊரில் இருந்தால் அவர்களின் பழைய கொப்பிகளைக் கேட்டு வாங்குங்கள். மூன்று தோழியர் வாரத்தில் ஒரு நாள் ஒரு வீட்டில் கூடி, ஒருவர் கொப்பியை மற்றவர் திருத்தலாம். பிறர் பிழையைக் கண்டுபிடிக்கும் பிள்ளை தன் பிழையையும் காணப் பழகுவாள்.

சில பாடசாலைகளில் கணித ஆசிரியரே இல்லாத நிலை உண்டு. அங்கே முழுவதையும் பிள்ளையின் தலையில் சுமத்துவது நியாயமல்ல. கணிதப் பிரிவு ஒழுங்காக நடக்கும் பாடசாலையில் சேர்ப்பதே முதல் வழி. அதற்கும் வசதியில்லை என்றால், பிள்ளைக்குப் பிடிபடாத இரண்டொரு அலகுகளுக்கு மாத்திரம் பகல் வேளையில் ஒருவரின் உதவியைப் பெறலாம். இரண்டு வருடச் செலவுக்கும் இரண்டு மாதச் செலவுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

உம்மா செய்யக்கூடியவை

“எனக்குக் கணக்குத் தெரியாதே, நான் என்ன செய்வேன்?” என்று கேட்கும் சகோதரிகளே, உங்களால் செய்யக்கூடியவை நிறைய உண்டு.

நாளுக்கு இரண்டு மணித்தியாலம் அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். சுபஹுக்குப் பின் வரும் நேரம் மிகவும் ஏற்றது. அந்த நேரத்தில் அடுப்படி வேலைக்கோ தம்பி தங்கையைப் பார்க்கவோ அவளைக் கூப்பிடாதீர்கள். மகன் படிக்கும்போது கூப்பிடுகிறோமா? அந்த இரண்டு மணித்தியாலமும் கைத்தொலைபேசி உங்கள் கையில் இருக்கட்டும். யூடியூப்பில் நல்ல பாடங்கள் உண்டுதான். ஆனால் பார்ப்பது செய்வதாகாது.

வாரத்தில் ஒரு நாள், “இந்தக் கணக்கை எனக்கு விளங்கச் சொல்லுங்க” என்று அருகில் அமருங்கள். உங்களுக்கு விளங்கச் சொல்ல முயலும்போதே அவளுக்கு விளங்காத இடம் அவளுக்குத் தெரிந்துவிடும். விடை வந்ததும், “ஒரு எண்ணப் போட்டுப் பாருங்க மகள், சரி வருதா?” என்று கேளுங்கள். கணக்குத் தெரியாத உம்மாவும் கேட்கக்கூடிய கேள்வி இது.

முதல் தவணையில் 20 புள்ளி வந்தால் திட்டாதீர்கள். இந்தப் பாடத்தில் தொடக்கத்தில் அப்படி வருவது சாதாரணம். மாமி மகளோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். போன தவணைக் கொப்பியோடு ஒப்பிடுங்கள்.

முடிவு எடுக்கு முன்

பல்கலைக்கழக அனுமதியில் கணிதப் பிரிவுக்கான இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. ஆகவே உங்கள் மகள் பெரும்பாலும் போட்டியிடுவது தன் சொந்த மாவட்டப் பிள்ளைகளோடுதான். பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றவும் இடமுண்டு. முதல் தடவை தவறினால் எல்லாம் முடிந்துவிடாது.

எவ்வளவு முயன்றாலும் எல்லோரும் பொறியியலாளர் ஆகிவிட முடியாது. ஆனால் கணிதம் படித்த பெண்ணுக்குக் கணினித் துறை உண்டு, கணிய அளவையியல் உண்டு, வங்கித் துறை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியத் தொழில் உண்டு. எமது பெண் பிள்ளைகள் கணிதப் பிரிவை விடுவதற்கு ஒரு காரணம், ஊருக்குள் பெண் கணித ஆசிரியை இல்லாததுதான். ஊருக்குள் ஆசிரியை இல்லாததற்குக் காரணமோ, முன்னைய பெண் பிள்ளைகளை நாம் கணிதப் பிரிவுக்கு அனுப்பாததுதான். இந்தச் சுற்று எங்கேயாவது ஓரிடத்தில் நிற்க வேண்டும்.

இம்முறை பெறுபேறு வந்து, மகள் விண்ணப்பப் படிவத்தோடு உங்கள் முன் வந்து நின்றால், டியூஷன் எவ்வளவு என்று முதலில் கேட்காதீர்கள். “உங்களுக்கு விருப்பமா மகள்?” என்று கேளுங்கள். அவள் “ஓம்” என்றால், ஒரு மேசையும், இரண்டு மணித்தியால அமைதியும், உங்கள் நம்பிக்கையும் கொடுங்கள். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.