பயிர் படித்தவர் போலீஸ் தலைவர் ஆன கதை தெரியுமா?

தமிழகக் காவல்துறையின் தலைவராக 2021 முதல் 2023 வரை இருந்த சைலேந்திர பாபு கல்லூரியில் என்ன படித்தார் தெரியுமா? சட்டமா? குற்றவியலா? இரண்டும் இல்லை, விவசாயம்! பி.எஸ்சி. வேளாண்மை, அதிலேயே முதுகலை, பிறகுதான் ஐ.பி.எஸ்.!

இந்தியாவின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி கிரண் பேடி? பி.ஏ. ஆங்கிலம், எம்.ஏ. அரசியல் அறிவியல். அமிர்தசரஸில் ஒரு மகளிர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த டென்னிஸ் வீராங்கனை! 1972-இல் தேர்வாகி மவுண்ட் அபுவில் போலீஸ் பயிற்சிக்குப் போனார். உடன் பயின்றவர்கள் 80 ஆண்கள். பெண் அவர் ஒருவர்தான்! அந்த மலைமேல் கல்லூரிதான் 1975-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று சர்தார் வல்லபாய் படேல் தேசிய போலீஸ் அகாடமியாக நிற்கிறது.

ஐ.பி.எஸ்.ஸுக்கு வழிவிடும் குடிமைப்பணித் தேர்வை எழுத எந்தப் பட்டமும் போதும். விருப்பப் பாடமாகக் கால்நடை மருத்துவம் எடுக்கலாம். அட, நம் தமிழ் இலக்கியத்தையே எடுக்கலாம்! குறுந்தொகையைக் கரைத்துக் குடித்தவர் ஒரு மாவட்டத்துக்கு எஸ்.பி. ஆகலாம் என்பதை நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தேறியதும் முதலில் முசோரியில் அடிப்படைப் பயிற்சி, அடுத்து ஐதராபாத். டாக்டர், எஞ்சினியர், வரலாறு படித்தவர் எல்லோரும் விடிவதற்கு முன்பே ஒரே வரிசையில் மைதானத்தில் நிற்க வேண்டும்! கவாத்து, துப்பாக்கி, நீச்சல், ஆயுதமில்லாச் சண்டை எல்லாம் உண்டு. குதிரையேற்றமும் உண்டு, தெரியுமா?

ஆனால் உண்மையான ஆச்சரியம் வகுப்பறையில்தான் காத்திருக்கிறது. “நான்தான் செய்தேன்” என்று ஒருவர் போலீஸ் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டால் வழக்கு முடிந்தது என்றுதானே நினைக்கிறோம்? முடியாது! அந்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நிரூபிக்கவே சட்டம் இடம் தராது. அவர் சொன்னதை வைத்துப் போய்ப் புதைத்த கத்தியைத் தோண்டி எடுத்தால், அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிய அளவு பேச்சு மட்டும் செல்லும். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். புதிதாகச் சட்டம் கற்கும் ஒருவர், சீருடைக்கு உள்ள அதிகாரத்தோடு அதன் எல்லையையும் இங்கேதான் கற்கிறார். பயிற்சியிலேயே மிக முக்கியமான பாடம் இதுதான் என்பேன்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும். மாநிலங்கள் இதை 5 ஆண்டுகளுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். வேதியியல் படித்தவருக்கு அந்த நிபுணரின் அறிக்கை புரியும். டாக்டருக்குப் பிரேதப் பரிசோதனைக் குறிப்பு புரியும். படித்த படிப்பு எங்கே வீணாகிறது, சொல்லுங்கள்!

அகாடமியோடு முடிவதில்லை. மாவட்டத்துக்குப் போய் ஒரு காவல் நிலையத்துக்கே பொறுப்பேற்றுப் பழக வேண்டும்! எஃப்.ஐ.ஆர். போடுவது, பார்வை மகஜர் எழுதுவது, கேஸ் டைரி, பந்தோபஸ்து என்று எல்லாம் அங்கேதான் கைக்கு வரும். பல வருடம் பழுத்த ஏட்டய்யாக்களும் ஸ்டேஷன் ரைட்டர்களும்தான் அங்கே பேராசிரியர்கள்.

தமிழ்நாட்டில் எஸ்.ஐ. ஆகவும் எந்தப் பட்டமும் போதும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வும் வைக்கும், ஓடவும் விடும். ஆண்களுக்கு 7 நிமிடத்தில் 1,500 மீட்டர். கயிறும் ஏற வேண்டும். தேறியவர்களுக்கு வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் உள்ள போலீஸ் அகாடமி காத்திருக்கிறது.

அந்தத் தேர்வில்தான் நாடே திரும்பிப் பார்த்த ஒன்று நடந்தது! சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி பி.சி.ஏ. பட்டதாரி, திருநங்கை. ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களே இருந்த விண்ணப்பத்தில் அவருக்கு இடமில்லை, நிராகரித்தார்கள். விடவில்லை அவர்! நீதிமன்றப் படியேறினார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2017-இல் தருமபுரியில் எஸ்.ஐ.யாகப் பொறுப்பேற்றார், இந்தியாவின் முதல் திருநங்கை எஸ்.ஐ.!

இன்னொன்றும் கேளுங்கள். தமிழகத்தின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி திலகவதி காக்கிச் சட்டையோடு பேனாவையும் விடவில்லை. ‘கல்மரம்’ நாவலுக்காக 2005-இல் சாகித்ய அகாதமி விருதே பெற்றார்!

எந்தப் பட்டம் வாங்கியிருந்தாலும் சரி, உள்ளுக்குள் காக்கி ஆசை இருக்கிறதா? பொதுப் பிரிவினருக்குக் குடிமைப்பணித் தேர்வு வயது 21 முதல் 32 வரை. பிற பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையே ஓடத் தொடங்குங்கள்!