காயலில் ஒரு மாலை விருந்து

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. பொருளைக் குறித்துச் சொல்லப்பட்ட அவ்வாக்கு, படகில் ஏறும் மனிதருக்கும், படகில் கழிக்கும் நேரத்துக்கும்கூட எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சில மாதங்களுக்கு முன் நாம் நேரில் கண்டோம். குடும்பங்களாகக் கூடிப் பயணம் செல்ல விரும்பும் வாசக அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி அதனை இங்கே எழுதுகிறோம்.

சேலம் மாநகரின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதிக்கும் படகு விருந்துக்கும் என்ன உறவு என்று சிலர் வியக்கலாம். சேர்வராயன் மலையை அண்ணாந்து பார்த்தபடி வீடுகளும் மருத்துவமனைகளும் கடைகளும் நெருங்கி நிற்கும் இடம் அது. அங்கே தண்ணீர் என்றால் குழாயில் வரும் காவிரி நீர்தான். நகரின் ஊடே செல்லும் திருமணிமுத்தாறோ நம் எல்லாருடைய கழிவையும் சுமந்து தலைகுனிந்து செல்கிறது. அதன்மேல் படகு விட எவரும் கனவு காண்பதில்லை. தண்ணீரைக் காணாதவருக்குத்தானே தண்ணீரின்மேல் ஆசை மிகுதி!

அப்பகுதியில் வாழும் நான்கு தம்பதியர் ஒரே ஆண்டில் திருமண வெள்ளிவிழாக் கண்டனர். மண்டபம் பிடித்து ஊரை அழைப்பதற்குப் பதிலாக, நான்கு குடும்பத்தாரும் ஒன்றாகப் படகில் அமர்ந்து மாலை விருந்து உண்ணலாம் என்று முடிவு செய்தனர். இந்த யோசனையைத் தந்தவர் வெளிநாட்டில் சில ஆண்டுகள் பணிபுரிந்து திரும்பிய ஓர் இளைஞர். 17ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டு, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஆம்ஸ்டர்டாம் நகரக் கால்வாய்களில், விளக்கொளியில் மிதந்தபடி இரவு உணவு உண்ட அனுபவத்தை அவர் அழகுற விவரித்தார். "சாமி, நீங்களும் எங்களோடு வரணும்" என்று நம்மையும் அழைத்தனர். இரண்டு வயதுக் குழந்தை முதல் எண்பது வயதுத் தாயார் வரை, நம்மையும் சேர்த்து 31 பேர்.

எங்கே செல்வது?

முதலில் சென்னையை நினைத்தனர். 1806இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் ஒன்று அங்கே உண்டு. 1877-78ஆம் ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்கு வேலை தரும்பொருட்டு அது மேலும் வெட்டப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் அதில் ஓடின. இன்று நகருக்குள் அதன் நிலையும் நம் திருமணிமுத்தாற்றின் நிலையே. ஆகவே, மேற்கே திரும்பி ஆலப்புழையைத் தேர்ந்தனர்.

கிழக்கின் வெனிஸ் என்று பெயர் பெற்ற ஆலப்புழை, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் துறைமுகமாக வளர்த்தெடுத்த நகரம். உள்நாட்டுக் காயல்களிலிருந்து மிளகும் கொப்பரையும் கயிறும் துறைமுகம் வந்து சேர, நகரின் குறுக்கே கால்வாய்கள் வெட்டப்பட்டன. குட்டநாட்டு நெல்லைச் சுமந்த பெரிய வள்ளங்களே பின்னாளில் சுற்றுலாப் படகுவீடுகளாக உருமாறின. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டியமையால் அவற்றுக்குக் 'கெட்டுவள்ளம்' என்று பெயர். சென்னையிலிருந்து ஆலப்புழை செல்லும் விரைவு வண்டி நள்ளிரவுக்குப் பின் சேலம் சந்திப்பைக் கடந்து, காலையில் ஆலப்புழையை அடைகிறது. 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு திறக்கும். முதியோருக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்க வேண்டுமாயின் அந்த முதல் நாளிலேயே சீட்டு வாங்கிவிடுவது நன்று.

ஐந்தரை மணி

படகு உரிமையாளர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசியபோதுதான் இடர் தோன்றியது. "மாலை ஐந்தரை மணியளவில் படகைக் கரையில் கட்டிவிடுவோம். இரவில் ஓட்டுவதில்லை. கட்டிய படகில் விருந்து வைத்துக்கொள்ளலாம்" என்றார் அவர். நம் இளைஞருக்கு முகம் வாடிவிட்டது. ஓடாத படகில் உண்பதற்கு நம் வீட்டுத் திண்ணையே போதாதா என்பது அவர் கேள்வி.

அடுத்த நாள் தரகர் ஒருவர் அகப்பட்டார். கூடுதலாகப் பணம் கொடுத்தால் இரவு ஒன்பது மணி வரை படகை ஓட்டச் செய்வதாகவும், யாரும் கேட்கமாட்டார்கள் என்றும் உறுதி கூறினார். பாதிக் குடும்பத்தார் அவர் பக்கம் சாய்ந்தனர். 'வாழ்நாளில் ஒருமுறை வரும் நாள்' என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தையும் நாம் எளிதில் தள்ளிவிட இயலவில்லை. இறுதியில் நம்மிடமே தீர்ப்புக் கேட்டனர்.

ஐந்தரை மணிக் கட்டுப்பாடு ஏன் என்று விசாரித்தோம். மாலையில் மீனவர்கள் காயலில் வலை விரிக்கிறார்கள். சிறு வள்ளத்தில் கணவனும் மனைவியுமாக வந்து, இருட்டிய பின் தங்கள் பிழைப்பைத் தொடங்குவோர் பலர். அவ்வலைகளின்மேல் பெரிய படகின் இயந்திரம் ஏறினால் ஓர் இரவின் கூலி மட்டுமல்ல, வலையே போய்விடும். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க்கு இரு கரையிலும் கல்சுவரும் தெருவிளக்கும் உண்டு. அங்கே அது நகரத்தின் வீதி. ஆலப்புழையின் காயலோ ஒருவருக்கு வீதி, இன்னொருவருக்குக் குளியல் துறை, மற்றொருவருக்கு வயலின் வரப்பு, மீனவருக்கு விளைநிலம். பகலில் நமக்குக் கடன் கொடுத்த நீரை, மாலையில் அவர்கள் திரும்பக் கேட்கிறார்கள். அவ்வளவுதான்.

மற்றொரு காரணமும் உண்டு. 2023 மே 7ஆம் நாள் மலப்புறம் மாவட்டம் தானூரில், பொழுது சாய்ந்த பின், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்ற உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். 2009 செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற படகு கவிழ்ந்து 45 உயிர்கள் போயின. அவர்களும் நம்மைப்போல் மகிழ்ச்சியாக ஒரு மாலையைக் கழிக்கச் சென்றவர்களே. இருட்டில் கவிழ்ந்த படகில், யார் எங்கே என்று தேடவும் கண் தெரியாது.

இவற்றைக் கூறி, "தரகர் கேட்ட கூடுதல் பணத்தை நாம் கொடுத்துவிடலாம், ஆனால் அதன் விலையைக் கட்டப்போவது வேறொருவர்" என்றோம். நெடுநேரம் அமைதி நிலவியது. பிறகு எண்பது வயதுத் தாயார், "கட்டிப்போட்ட படகுன்னா நானும் நிம்மதியா சாப்பிடுவேன் சாமி" என்றார். ஆடும் படகில் உண்ண அஞ்சி, தாம் வரவில்லை என்று சொல்ல அவர் எண்ணியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. விவாதம் அத்துடன் முடிந்தது.

செய்துகொண்ட ஏற்பாடுகள்

பிற்பகல் இரண்டு மணிக்குப் படகேறி, ஐந்தரை மணிக்குள் சாலை வந்து சேரும் ஒரு கரையில் கட்டி, அங்கே விருந்துண்டு, வேனில் நகர விடுதிக்குத் திரும்புவது என்று திட்டம் வகுத்தோம். பருவமழையை ஒதுக்கி ஜனவரி மாதத்தைத் தேர்ந்தோம். முன்பணம் கொடுக்குமுன் படகின் பதிவு எண், தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றைக் கேட்டோம். 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இவற்றைக் கோருகிறது; ஆகவே கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. சான்றில் 35 பேர் என்று இருந்தது. பேசிய நேரம், உணவு, தொகை அனைத்தையும் எழுத்தில் பெற்றோம். குழந்தைகளின் அளவுக்கு ஏற்ற மிதவைச் சட்டைகள் உண்டா என்பதையும் உறுதி செய்துகொண்டோம். பெரியவர்களின் சட்டை குழந்தையின் தலைவழியே கழன்றுவிடும்.

உணவில் கரிமீன் பொள்ளிச்சதும் குட்டநாட்டு வாத்துக்கறியும் கேட்டனர் இளையோர். முதியோருக்குச் சிவப்பு மட்டையரிசி ஒத்துக்கொள்ளாது என்பதால் குழைந்த வெள்ளைச் சோறும் மிளகு ரசமும் தனியே சொல்லி வைத்தோம். எச்சிலும் இலையும் நெகிழிப் பையும் நீரில் விழலாகாது என்பதற்கு இரண்டு இளைஞர் பொறுப்பேற்றனர். நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும் குடிநீருக்குத் தவிக்கும் மக்கள் அக்கரைகளில் வாழ்கிறார்கள். படகுத்துறையில் பலகைமேல் நடக்க இயலாதோருக்காகக் கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்றும், அதைத் தூக்க நான்கு பேரும் முன்னரே குறிக்கப்பட்டனர்.

நிற்க. எவ்வளவு திட்டமிட்டாலும் மனிதர் திட்டத்துக்குள் அடங்குவதில்லை. படகேறும் நேரத்தில், செய்தி கேட்டு மகிழ்ந்து, கொச்சியிலிருந்து உறவினர் ஆறு பேர் பலகாரப் பெட்டிகளுடன் வந்து நின்றனர்! 31 பேர் 37 ஆயினர். "குழந்தைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், பரவாயில்லை" என்றார் படகில் உதவிக்கு நின்றவர். குழந்தையைக் கணக்கில் சேர்க்காத கணக்கு என்ன கணக்கு? வந்தவரைத் திருப்பி அனுப்பவும் மனமில்லை. உறவினருள் மூத்தவர் ஒருவருக்கு முகம் சிவந்தது.

அப்போது வெள்ளிவிழாத் தம்பதியருள் இரு தம்பதியர் முன்வந்தனர். "மாமா, நீங்க இதுல ஏறுங்க. நாங்க சின்னப் படகுல பின்னாலேயே வர்றோம்" என்றனர். விழா நாயகர்களே இடம் விட்டதைக் கண்டபின் மாமாவுக்கு மனத்தாங்கல் எங்கே நிற்கும்? சிக்காரா எனப்படும் சிறு படகு ஒன்றை அமர்த்திக்கொண்டோம். அரைமணி நேரமும் சிறிது பணமும் கூடுதலாயின. பெரிய படகில் 33 பேர். சிறு படகில் நால்வர்.

புன்னமடைக் காயலைக் கடந்து, தாழ்ந்த நெல்வயல்களின் ஓரமாகப் படகு சென்றது. கரைக்குமேல் நீரும், கரைக்குக்கீழ் வயலும் கிடக்கும் காட்சியைச் சேலத்துக் கண்கள் நம்ப மறுத்தன. சொன்ன நேரத்தில் படகு கட்டப்பட்டது. கட்டிய படகிலும் அளவு அளவே என்பதால், சிறு படகில் வந்தோருக்குக் கரையிலேயே மேசை போட்டோம். படகுக்கும் மேசைக்கும் இரண்டு முழ தூரந்தான். வாத்துக்கறிக் கிண்ணம் இங்கும் அங்கும் தடையின்றிப் பயணம் செய்தது.

விளக்கேற்றிய பின், சிறு வள்ளம் ஒன்று ஓசையின்றி எங்களைக் கடந்தது. பெண் துடுப்பு வலிக்க, ஆண் வலையை நீரில் இறக்கிக்கொண்டே சென்றார். ஒரு சிறு விளக்கு மட்டும் அவர்களிடம் இருந்தது. இரவில் படகோட்ட வேண்டும் என்று வாதாடிய அந்த இளைஞர், யாரும் சொல்லாமலே எழுந்து சென்று பாட்டின் ஒலியைக் குறைத்தார். அவ்விளக்கு வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

எட்டரை மணிக்கு வேன் வந்தது. வாசலில் நின்று ஒவ்வொருவராக எண்ணினோம். இரண்டு வயதுக் குழந்தை தோளில் உறங்கியது. எண்பது வயதுத் தாயார் நாற்காலியில் அரசியைப்போல் வந்தார். ஏறியவர் 37 பேர். இறங்கியவரும் 37 பேர். கணக்குச் சரியாக இருந்தது.