கைப்பேசியும் கடைசி வரிசை மாணவரும்

2020ஆம் ஆண்டு மார்ச்சில் மலேசியப் பள்ளிகள் மூடப்பட்டபோது, தோட்டப் பிள்ளைகள் பலருக்குக் கைப்பேசியே பள்ளிக்கூடமாயிற்று. அந்நன்றியை மறத்தல் ஆகாது. ஆயினும் வகுப்பறையில் அதனால் விளைவது யாது?

இங்கிலாந்தின் 4 நகரங்களில் 91 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் இருவர், 2015இல் தம் முடிவை வெளியிட்டனர். கைப்பேசியைத் தடைசெய்த பள்ளிகளில் 16 வயது மாணவரின் தேர்வுப் புள்ளிகள் உயர்ந்தன. உயர்வு பெற்றோர் யாவர்? பின்தங்கிய மாணவரே! முன்னணி மாணவரிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. சிதறிய கவனத்தை மீட்கும் ஆற்றல் வல்லவர்க்கு உண்டு. மெலிந்தவர்க்குக் குறைவு என்பதே காரணமெனக் கருதலாம்.

ஆதலின், ஆசிரியப் பெருமக்களே, கைப்பேசிக் கட்டுப்பாடு தண்டனையன்று. நலிந்த பிள்ளைக்கு நாம் இடும் வேலி. பள்ளி வேளையில் அது வீட்டிலேயே உறங்கட்டும்; மாலையில், பெற்றோர் பார்வையில், பாடத்திற்கென விழிக்கட்டும்.