வானத்திலிருந்து ஒரு சுருள் பாதை

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், ஆக்லாந்திலிருந்து வெலிங்டன் போகும் ரயில் ரௌரிமு என்ற சிற்றூரைத் தாண்டியதும் வந்த வழியே திரும்புவதுபோல் வளையும். மேலும் சில வளைவுகள், அடுத்தடுத்து இரண்டு சுரங்கங்கள். பிறகு முழு வட்டம் அடித்து, சற்றுமுன் நுழைந்து வந்த முதல் சுரங்கத்தின் தலைக்கு மேலேயே கடந்துபோகும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மரங்களும் மண்மேடும்தான் தெரியும். எந்தத் திசையில் போகிறோம் என்பதே பிடிபடாது. ஓட்டுநர் ஒருவர் தன் ரயிலின் கடைசிப் பெட்டி விளக்கைப் பார்த்து, முன்னால் வேறொரு ரயில் நிற்கிறதென்று பயந்து பிரேக் போட்டாராம். உண்மையோ பொய்யோ, அந்த ஊர்ப் பக்கம் இப்படி ஒரு கதை உண்டு.

ஏன் இத்தனை சுற்று? பாதை ஏற வேண்டிய உயரம் 132 மீட்டர். நேர்க்கோட்டில் கிடைக்கும் தூரமோ 2 கிலோமீட்டர்தான். நேராகப் போட்டால் 15 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். சாதாரண ரயிலின் சக்கரம் வழுக்கிவிடும். ராபர்ட் வெஸ்ட் ஹோம்ஸ் என்ற அரசுப் பொறியாளர் 1898இல் போட்ட திட்டத்தில் ஏற்றம் 52 மீட்டருக்கு ஒரு மீட்டர். 132ஐ 52ஆல் பெருக்கிப் பாருங்கள்: 6.8 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். அங்கே இன்று கிடக்கும் பாதையின் நீளமும் ஏறக்குறைய அதுதான். 1908இல் ஆக்லாந்து–வெலிங்டன் பாதை முழுவதும் இணைந்தது. ஹோம்ஸ் திட்டமிட்ட காலத்தில் விமானமே கிடையாது. காட்டுக்குள் அளந்து எடுத்த எண்களை வைத்தே முழு வடிவத்தையும் அவர் மனத்தில் கட்டியிருக்க வேண்டும். பின்னாளில் வானில் ஏறிப் படம் எடுத்தவர்களைவிட அவரே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

இந்தப் பாதையை வானிலிருந்து எடுத்தவர்களில் பெயர் பெற்றது வைட்ஸ் ஏவியேஷன். லியோ வைட் 1945இல் தொடங்கிய நிறுவனம். கறுப்பு வெள்ளைப் படங்களைப் பெரிதாக அச்சிட்டு, பஞ்சில் எண்ணெய் வண்ணம் தொட்டுக் கையாலேயே நிறம் ஏற்றினார்கள். அந்த நிறுவனத்தின் படச் சேகரம் இப்போது வெலிங்டனில் அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகத்தில் இருக்கிறது.

சுருள் பாதையைப் படம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நேர்மேலே நின்று எடுத்தால் வளையம் அழகாக விழும். ஆனால் உயரம் காணாமல் போகும். எதற்காகப் பாதை சுற்றுகிறதோ அதுவே படத்தில் இருக்காது. அதனால் கேமராவைச் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து எடுப்பார்கள். காலையோ மாலையோ சூரியன் தாழ்ந்திருக்கும் நேரமே தோது. மண்மேடுகளின் நிழல் நீண்டு விழுந்து எது மேல், எது கீழ் என்று காட்டிவிடும். நீளமான சரக்கு ரயில் வாய்த்தால் இன்னும் நல்லது. முதல் வளைவில் இன்ஜின் ஒரு திசையிலும் கடைசிப் பெட்டிகள் எதிர்த்திசையிலும் ஓடுவது ஒரே சட்டகத்தில் விழும். ரயில் இல்லாத படத்தில் மரங்களுக்கு நடுவே மெல்லிய கீறல்தான் மிஞ்சும்.

வரைபடம் தயாரிப்பவர்களுக்கு அழகு முக்கியமல்ல, அளவு முக்கியம். அவர்கள் நேர்மேலிருந்துதான் எடுப்பார்கள். ஆனால் ஒரு படத்தோடு நிறுத்துவதில்லை. விமானம் நகர நகர அடுத்தடுத்து எடுத்துக்கொண்டே போவார்கள். ஒரு படத்தில் விழுந்த நிலத்தில் சுமார் 60 சதவீதம் அடுத்ததிலும் விழ வேண்டும். அந்த இரண்டையும் ஸ்டீரியோஸ்கோப் கருவியின் கீழ் வைத்து, ஒரு கண்ணுக்கு ஒரு படமாகப் பார்த்தால் தட்டையான மலை எழுந்து நிற்கும். உயரமான இடங்கள் இரண்டு படங்களுக்கு இடையே அதிகமாக இடம் மாறியிருக்கும். அந்த நகர்வை அளந்தால் உயரம் கிடைக்கும். இன்று டிரோன் படங்களைக் கோத்து முப்பரிமாண மாதிரி செய்யும் மென்பொருளும் இதே கணக்கைத்தான் போடுகிறது.

டிரோனோடு ரௌரிமு போக நினைப்பவர்களுக்கு ஒரு சொல். நியூசிலாந்தின் பொது விதிப்படி டிரோன் தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கண்பார்வைக்குள் இருக்க வேண்டும். யாருடைய நிலத்துக்கு மேல் பறக்கிறதோ அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். சுருளின் ஏற்றமோ 132 மீட்டர். அடிவாரத்துக்கு மேலே விதி அனுமதிக்கும் உச்சத்தில் டிரோன் நின்றாலும், பாதையின் மேல்முனை அதைவிட 12 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதனால் மேட்டுப் பக்கமாக இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.