நிலாவரைக் கதையை எதில் எழுதுவது?

யாழ்ப்பாணத்துக்குக் கல்விச் சுற்றுலா வரும் பேருந்துகள் பல, புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றடியில் சிறிது நேரம் நிற்கும். மாணவியர் இறங்கி எட்டிப் பார்ப்பார்கள். இராமர் அம்பெய்து தண்ணீர் எடுத்த கதையை ஒருவர் சொல்லுவார். இங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்குமாம் என்பார் இன்னொருவர். கைத்தொலைபேசிகள் நாலு படம் எடுக்கும். பத்து நிமிடத்தில் பேருந்து புறப்பட்டுவிடும்.

அதன் பிறகு நடப்பதும் நமக்குத் தெரியும். "செயற்றிட்டம் கொடுத்திருக்கினம்" என்று பிள்ளை சொல்ல, வாப்பா தொழுதுவிட்டு வரும் வழியில் கொமியுனிகேஷன் கடைக்குப் போவார். கடைக்காரத் தம்பி 'நிலாவரை' என்று தட்டி, வந்ததை அச்சிட்டு, வர்ண அட்டை போட்டுச் சுருள்கம்பி கட்டிக் கொடுப்பார். காசும் கொடுத்தாயிற்று, புள்ளியும் வந்தாயிற்று. பிள்ளை அதில் ஒரு வரியேனும் எழுதியிருக்கமாட்டாள். கிணற்றுக்கு அண்மையில் தோட்டம் செய்கிற மனிதரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

அந்தக் கடைக்குக் கொடுக்கும் காசைவிடக் குறைந்த டேட்டாச் செலவில், வீட்டிலுள்ள ஒரு தொலைபேசியைக் கொண்டே, பிள்ளை தன் குரலிலும் தன் எழுத்திலும் இதைச் செய்யலாம். அதற்கான கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். நிலாவரையையே எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

முதற் கருவி எல்லாத் தொலைபேசியிலும் ஏற்கெனவே இருக்கிறது: ஒலிப்பதிவு. கிணற்றைப் பற்றி ஊரில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டுப் பதிவு செய்வதே செயற்றிட்டத்தின் உயிர். "நிலாவரை பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டால் எல்லோரும் எலுமிச்சம்பழக் கதையைத்தான் சொல்லுவார்கள். "உங்கட சின்ன வயசில இந்தத் தண்ணியை எதுக்குப் பாவிச்சீங்கள்?" என்று கேட்டால் வேறு கதை வரும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தொலைபேசியை அவருக்கு அருகே ஒரு துணியின்மேல் வையுங்கள். பதிவு செய்யலாமா, வகுப்பில் போட்டுக் காட்டலாமா, இணையத்தில் இடலாமா என்ற மூன்றையும் முதலிலேயே தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்குச் சம்மதித்தவர் மூன்றுக்கும் சம்மதித்தவராகமாட்டார்.

பதிவை வெட்டி ஒட்ட ஓடாசிற்றி என்ற மென்பொருள் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைப்பது. பழைய கணினியிலும் ஓடும். தரவிறக்கிய பின் இணையம் தேவையில்லை. முக்கால் மணிநேரப் பேச்சில் வகுப்புக்குப் போட்டுக் காட்ட மூன்று நிமிடம் போதும். ஆனால் முழுப் பதிவை அழித்துவிடாதீர்கள்.

எழுத்துக்கு வருவோம். இங்கேதான் நம் மாணவியர் அதிகம் சிரமப்படுகிறார்கள். நமது நாட்டில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்து பழகிவிட்டோம். பாமினியில் கணினி சேமிப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளை. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தை அணிவிக்கிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் உங்கள் கட்டுரை வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. ஒருங்குறியில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே பாமினியில் இருப்பதை எழுத்துரு மாற்றிகள் நொடியில் மாற்றித் தரும். தட்டச்சு வராத பிள்ளைக்குக் கூகுள் ஆவணத்திலும் தொலைபேசி விசைப்பலகையிலும் குரல்வழித் தட்டச்சு உண்டு. 2017 இலிருந்து தமிழையும் அது ஏற்கிறது. 'தமிழ் (இலங்கை)' என்று தெரிவு செய்யலாம். அப்படியிருந்தும் நமது பேச்சுவழக்கை அது சில இடங்களில் வேடிக்கையாக எழுதிவைக்கும். அதைத் திருத்த உட்காரும் பிள்ளை எழுத்துப்பிழை பார்க்கவும் பழகிக்கொள்கிறாள். நான் அதை இலாபக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

படங்களைப் பொறுத்தவரை, கூகுளில் தேடி வருவதெல்லாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை அல்ல. ஒருவர் எடுத்த படம் அவருடையது. ஆனால், 'என் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்துங்கள்' என்று உரியவரே அனுமதி கொடுத்துவைத்த படங்கள் ஏராளம். விக்கிப்பீடியாவின் துணைத்தளமான விக்கிமீடியாப் பொதுவகம் அத்தகைய படங்களின் களஞ்சியம். ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயரும் நிபந்தனையும் இருக்கும். அதை அப்படியே படத்தின் அடியில் எழுதிவிட வேண்டியதுதான். பழைய நூல்களுக்கு இணைய ஆவணக் காப்பகம் இருக்கிறது. எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளியிட்ட 'சிலோன்' நூலில் இந்தப் புத்தூர்க் கிணறு வருகிறது. காப்புரிமை முடிந்த அந்நூலை அங்கே வீட்டிலிருந்தபடியே புரட்டலாம்.

சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு நிலாவரையைக் கதையாகச் சொல்ல வேண்டுமென்றால் ஸ்டோரிவீவர் தளத்தையே முதலில் சொல்லுவேன். பெங்களூரிலுள்ள பிரதம் புக்ஸ் என்ற இலாப நோக்கற்ற பதிப்பகம் 2015 செப்டெம்பர் 8 ஆம் திகதி, எழுத்தறிவு தினத்தன்று, அதைத் தொடங்கியது. ஓவியர்கள் வரைந்த ஆயிரக்கணக்கான படங்கள் அங்கே உண்டு. கிணறு, பாட்டி, ஆடு, மழை என்று தேடி எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் வைத்து, கீழே உங்கள் வரிகளை எழுதினால் படக்கதைப் புத்தகம் ஒன்று உருவாகிவிடும். மற்றவர் எழுதிய கதையைத் தமிழுக்கு மொழிபெயர்க்கவும் இடமுண்டு. எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டால் அச்சிடலாம், பகிரலாம், மாற்றியும் எழுதலாம். அங்குள்ள தமிழ்க் கதைகளில் இந்தியத் தமிழ்நடையே அதிகம். பனங்கிழங்கும் துலாக்கிணறும் வாற கதைகளை நம்மவர் எழுதினால்தான் உண்டு.

எலுமிச்சம்பழக் கதைக்குப் பின்னாலிருக்கும் அறிவியலைச் சொல்ல ஸ்கிராச் பொருத்தமானது. 2007 இல் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்கென்று உருவாக்கிய இதில் நிறக்கட்டைகளை அடுக்கி அசையும் படம் செய்யலாம். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளினூடே இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலிருந்து அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்புத்தண்ணீர் ஏறிவரும். நிலாவரையிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். இதைப் பந்தியாக எழுதினால் வகுப்பு கொட்டாவி விடும். பம்பியை அழுத்த அழுத்த உப்புநீர் மேலேறுவதாகச் செய்து காட்டினால், தோட்டக்கார வீட்டுப் பிள்ளைக்கு அது தன் வீட்டுக் கிணறாகத் தெரியும்.

ஊர்வரைபடம் வேண்டுமென்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மப் இருக்கிறது. குளம், பள்ளிவாசல், ஒழுங்கை என்று பெயர்களைத் தமிழிலேயே சேர்க்கலாம். கன்வா அழகான சுவரொட்டிக்கு நல்லது, ஆராய்ச்சிக்கு உதவாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் நிலாவரையின் ஆழத்தைத் தயங்காமல் சொல்லும், அது தவறாக இருந்தாலும் அதே தயங்காத குரலில். கேள்விகளைத் தயாரிக்க அவற்றைக் கேளுங்கள். விடையை மூத்தவரிடமும் நூலிலும் பெறுங்கள்.

இனி, பெற்றோர் கேட்கும் கேள்வி: இலவசமென்றால் எதை வாங்கிக்கொண்டு இலவசம்? நியாயமான கேள்விதான். சில தளங்கள் காசு வாங்காமல் பிள்ளையின் பெயரையும் பிறந்த திகதியையும் படத்தையும் வாங்கும். மேலே சொன்னவற்றில் எதிலும் முகம் காட்டத் தேவையில்லை. குரலும் வரைபடமும் எழுத்தும் போதும். பெயருக்குப் பதில் 'தரம் 9 மாணவியர்' என்று போடலாம். கூகுள் கணக்குக்குப் பொதுவாக 13 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழான வகுப்புகளுக்கு ஆசிரியர் ஒருவரின் கணக்கில் எல்லோருமாகச் செய்வதே ஒழுங்கு.

இன்னொரு விலையும் உண்டு, அது பிந்தித்தான் தெரியவரும். இலவசத் தளம் ஒருநாள் மூடிவிடும். ஜியோசிட்டிஸ் என்ற தளத்தில் உலகெங்கும் மாணவர் உட்படப் பலர் இலவசப் பக்கங்கள் அமைத்திருந்தார்கள். 2009 இல் யாகூ அதை மூடியது. பிளாஷில் செய்த அசைவூட்டங்கள் 2020 முடிவோடு உலாவிகளில் ஓடாமற் போயின. ஆகவே எந்தக் கருவியைத் தொடமுன்னும், செய்ததைக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று பாருங்கள். ஸ்டோரிவீவர் கதையைப் பீ.டி.எப். ஆக எடுக்கலாம், ஸ்கிராச் வேலையைக் கணினியில் சேமிக்கலாம், ஓடாசிற்றி தொடக்கமே கணினியில்தான். வெளியே எடுக்கவிடாத தளம் எவ்வளவு அழகாயிருந்தாலும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

1981 யூன் முதலாம் திகதிக்கு முந்திய இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணிநேரத்தில் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டபோது, கலியாணப் படங்களும் பள்ளிக்கூடச் சஞ்சிகைகளும் அலுமாரியிலேயே கிடந்தன. அவற்றில் என்ன இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இப்போது உம்மம்மாமார், அப்பாமார். புத்தூர்க் கிணற்றைப் பற்றிக் கேட்கப் பழகிய பிள்ளை, அடுத்ததாகத் தன் வீட்டு மூத்தவரிடம் சோனக தெருவைப் பற்றிக் கேட்கலாம். கருவி அதேதான்.

பதிவுகளை வைக்க இடமும் இருக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் என்று மின்வடிவில் சேர்த்து யாவருக்கும் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. கல்லூரிகளின் பழைய மலர்களை அங்கே தேடிப் பாருங்கள். உங்கள் உம்மா எழுதிய கவிதையொன்று அகப்பட்டாலும் அகப்படலாம்.

கடைசியாக ஒரு சிறு வேலை. பேசியவருக்கு அந்தப் பதிவின் பிரதியொன்றைக் கொடுத்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படங்களை 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. கோப்புக்குப் பேசியவர் பெயர், ஊர், திகதி மூன்றையும் இடுங்கள்.